அடுப்படிக்கு ஒரு ஃபேன்

சமையல் என்பது, மே மாதத்து இராஜபாளையத்தில் நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, ஹாலில் காற்று வாங்குகிறவர்களுக்குத் தோசை சுட்டுப்போடும் உத்தியோகம். உங்களில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மீதிப் பேர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மில் நியாயம்

ஹாலுக்குப் புது ஃபேன் வாங்கலாம் என்று வீட்டுக்காரர்தான் பேச்செடுத்தார். ஹால் ஃபேன் நன்றாகத்தானே ஓடுகிறது, புதுசு அடுப்படிக்கு என்றேன். அவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். பகலெல்லாம் மில் சூட்டில் நிற்கிறவருக்கு, வீட்டுக் காற்று முழுக்கத் தனக்கே பாத்தியம் என்று நினைப்பு. கேஸ் அணைந்துவிடும் என்றார். அடுப்புக்கு நேர் மேலே யார் மாட்டச் சொன்னது, காய் நறுக்குகிற பக்கம் மாட்டுவோம் என்றேன். அதற்கும் ஒன்று வைத்திருந்தார்: "எங்கம்மா ஒருநாளும் ஃபேன் கேட்டதில்லையே."

கடை

தனியாகவே போனேன். சார் வரலையா என்று கேட்ட சேல்ஸ்மேன், தங்கப் பூப்போட்டது, விளக்கு வைத்தது, ரிமோட்டில் ஓடுவது என்று அடுக்கினார். நான் கேட்டது ஒன்றுதான். தாளிக்கிற புகை பிசுக்காக ஒட்டும். பூவும் பள்ளமும் இல்லாமல், ஒரு ஈரத்துணியில் துடைத்தால் போய்விடுகிற இறக்கை எதில் இருக்கிறது? கான்வென்ட்டில் படித்த கோளாறு, பதில் வரும்வரை அதே கேள்வியைத்தான் கேட்பேன். கடைசியில் அவர் தலைக்கு மேல் தொங்கிய அத்தனை ஃபேனையும் அண்ணாந்து பார்த்தார். "ஃபேனையெல்லாம் துடைப்பாங்களா மேடம்?"

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தீர்ப்பு

மொழுமொழுவென்று வெள்ளையாக ஒன்றை நானே தேடி எடுத்துவந்தேன். பெட்டியைப் பிரிப்பதற்குள் சேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. நாத்தனார் போன் போட்டாள். அவள் ஊரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுகிறவர்கள் ஃபேனா கேட்கிறார்கள் என்று ஒரு பாடு பேசினாள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு ஃபேனாவது இருக்கட்டும் என்றேன். உடனே பேச்சை மாற்றினாள்: "எங்கண்ணன் பாவம், மதினி."

கொக்கி

ஏணியோடு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஹாலில், படுக்கையறையில், யாரும் உட்காராத போர்ட்டிகோவில்கூட ஃபேன் கொக்கி இருக்கிறது. அடுப்படித் தளம் மட்டும் மொட்டை. கம்பி கட்டியவர், கொத்தனார், இன்ஜினியர், என் வீட்டுக்காரர், இத்தனை பேரில் ஒருவருக்கும் இங்கே ஒருத்தி நிற்பாள் என்று தோன்றவில்லை. துளை போட்டு போல்ட் முடுக்கலாம், ஆனால் சார் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். கீழே நிற்கப்போவது என் தலை, சார் தலை இல்லை, போடுங்க என்றேன். டிரில்லை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எம்புட்டோ வீட்ல வேலை பார்த்திருக்கேன்க்கா, அடுப்படிக்கு இதான் மொதத் தடவை."

ஞாயிற்றுக்கிழமை

மீன் குழம்பு கொதித்தது. ஃபேன் ஓடியது. அடுப்பும் எரிந்தது. வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் பேப்பரை வாங்கி வைத்துவிட்டு, சின்ன வெங்காயத் தட்டை மடியில் வைத்தேன். நாலு வெங்காயம் உரித்தவர் நிமிர்ந்தார். "அந்த ஃபேனைச் செத்த நிறுத்தேன், தோல் பூரா மூஞ்சியில பறக்கு."

ஆக, ஃபேன் வாங்கப் போகிற சகோதரிகளே, இறக்கையைப் பாருங்கள், விலையைப் பாருங்கள், வீட்டில் எவர் முகத்தையும் மட்டும் பார்க்காதீர்கள்.