ஊஞ்சலில் ஆள் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கிளிநொச்சி டவுனில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அதுதான். பரந்தனிலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? ஆனாலும் மூன்று வாரமாக 'நாளைக்கு, நாளைக்கு' என்று கடத்தினேன். கடைசியில் பத்து வயது மகன் உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தான். வெளிக்கிட்டு விட்டோம்.

பூங்கா வடிவாகத்தான் இருக்கிறது. சீராக வெட்டிய புல், யானை போலக் கத்தரித்த செடி, ஊஞ்சல், சறுக்கு. நடுவில் உயரமாக ஒரு பார்வைக் கோபுரம். மகள் யாழினிக்கு ஆறு வயது. கோபுரப் படிகளைப் பார்த்ததுமே, "நான் வரேல்லை" என்று ஊஞ்சலில் ஏறிக் குந்திவிட்டாள்.

பக்கத்தில் கதிரை போட்டு இருந்த காவல்கார அண்ணை, "விட்டிட்டுப் போங்கோ தங்கச்சி, நான் பாக்கிறன்" என்றார். விட்டுவிட்டு நானும் மகனும் ஏறினோம்.

மேலே நல்ல காற்று. வயல், குளம், ஏ-ஒன்பது வீதி... எல்லாம் தெரிந்தது. மகன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அம்மா, ஏன் இஞ்சை ஒரு கிழட்டு மரமும் இல்லை? எல்லாம் ஒரே உயரமா நிக்குது?"

பார்த்தேன். உண்மைதான். பூங்காவைச் சுற்றி நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். அவற்றுக்கு முன்னால் அங்கே நின்ற தென்னைகளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். "காத்துக்கு விழுந்திருக்கும்" என்றேன்.

பச்சைப் பொய். என்ன செய்ய? எங்கள் வீட்டில் சண்டைக்காலக் கதை கிடையாது. சட்டம் போட்டது நான். பிள்ளைகளின் அப்பா தப்பித்தவறி வாயைத் திறந்தாலும் ஒரு முறைப்பு... அதோடு சரி. என் பிள்ளைகளாவது எதுவும் தெரியாத பிள்ளைகளாக வளரட்டுமே! இதில் எனக்குப் பெருமை வேறு. நான் வாராவாரம் எழுதும் இதே பத்தியில் வாசகர்களான உங்களுக்கும் இரண்டு தடவை உபதேசம் செய்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தலைக்கு மேல், ஒரே சுருதியில், விடாமல் ஓர் இரைச்சல்.

"அம்மா, ஏன் குந்தினனீங்கள்?" மகன் சிரித்தான்.

அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் கோபுரச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருக்கிறேன் என்று. செருப்பு வாரைச் சரிசெய்வது போல நடித்துக்கொண்டு எழுந்தேன். வேறொன்றுமில்லை... கலியாணச் சோடி ஒன்று படம் பிடிக்க வந்திருந்தது. அவர்களுடைய ட்ரோன் கமரா. கீழே பிள்ளைகள் எல்லாம் அதற்குக் கை காட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

ஊஞ்சலைப் பார்த்தேன். ஊஞ்சல் ஆடுகிறது. ஆள் இல்லை.

மகனையும் இழுத்துக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். காவல்கார அண்ணை கதிரையை விட்டு எழும்பி நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "இப்ப இஞ்சைதான் தங்கச்சி நிண்டவா... ட்ரோனைப் பாத்திட்டுத் திரும்பிறன், காணேல்லை."

ஓடின பிள்ளைகளுக்குள் அவள் இல்லை. சறுக்கிலும் இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. மேலே அந்த இரைச்சல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

வேலியோரம் தண்ணீர்க் குழாய்க்கு நீளமாகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். எனக்கு ஏன் அங்கே போகத் தோன்றியது? தெரியாது. கால்கள் தாமாகவே போயின.

குழிக்குள் யாழினி குப்புறப் படுத்திருந்தாள். முழங்கையை ஊன்றி, நெஞ்சு மண்ணில் படாமல், இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டு, வாயை ஆவென்று திறந்து...

குண்டு விழும்போது அப்படித்தான் படுக்க வேண்டும். சத்தத்தில் காது வெடிக்காமலிருக்க வாய் திறந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் நான் பழகியது. இவள் பிறந்ததோ எல்லாம் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு!

அள்ளித் தூக்கினேன். மூக்கெல்லாம் மண். ஆனால் அழவில்லை.

"ஆரம்மா உனக்கு இதைச் சொல்லித் தந்தது? பள்ளிக்கூடத்திலையா? அப்பாவா?"

"இல்லை, நீங்கள்தான்."

"நானா? எப்ப?"

"நித்திரையில. 'தலைக்கு மேலை சுத்துது, குழிக்கை இறங்கு, காதைப் பொத்து, வாயைத் திற' எண்டு சொல்லுறனீங்கள். நீங்களும் அப்பிடித்தான் படுப்பியள். ஒவ்வொரு நாளும்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள்: "நான் சரியாத்தானே படுத்தனான், அம்மா?"

"ஓம்" என்றேன். சரியாகத்தான் படுத்திருந்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டேன்... என் நித்திரைக்குப் போட மறந்துவிட்டேன்.