கேள்விச் சீட்டில் என் பெயர்

ஆரணியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். அதன் மாடியில், பந்தி போடும் கூடத்தில், தொண்ணூறுகளின் நடுவில் மாதாந்திரச் சொற்பொழிவு ஒன்று ஆரம்பமானது. ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி. ஒரு மாதம் ஓவியம், ஒரு மாதம் விஞ்ஞானம், இன்னொரு மாதம் சட்டமோ சமூகமோ. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து பேசுவார்கள். பட்டுக் கடைக்காரர்கள், நெசவாளர்கள், மின்வாரிய ஊழியர்கள், நர்ஸுகள் என்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, கூட்டம் தள்ளிப்போகும்.

நான் கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் மருமகள் நான்தான். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கூட்டத்துக்குப் போகட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"போ, வேணான்னு சொல்லலை. தனியா போவாத. பெரியவளையும் இட்டுகினு போ" என்றார்.

பெரியவள் என்றால் என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. எட்டாவதோடு நின்றவள், பட்டு நூல் இழைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாவம், என்ன புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அழைத்துப் போனேன்.

எழுந்து கேள்வி கேட்க எல்லோரும் கூச்சப்படுவார்கள் என்று மேலாளர் சீட்டு முறை வைத்திருந்தார். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய வண்ணத்தாள் துண்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். கேள்வியை எழுதி, கீழே பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் மைக்கில் படிப்பார்.

முதல் கூட்டம் பழைய கோயில் ஓவியங்கள் பற்றி. திரையில் படம் படமாகக் காட்டினார்கள். அக்கா என் காதோரம் குனிந்தாள்.

"இதுல பொம்பளைங்க எல்லாரும் நின்னுகினே இருக்காங்க. ஆம்பளைங்கதான் உக்காந்திருக்காங்க. ஏன்னு கேட்டு எழுதேன். எனக்கு எழுதிப் பழக்கம் வுட்டுப்போச்சு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன், கீழே அவள் பெயரைப் போட்டேன். மேலாளர் படித்ததும் கூடம் சிரித்தது. பேச வந்தவர் சிரிக்கவில்லை. முன்பு காட்டிய படங்களையெல்லாம் திரும்பப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதைப் பார்த்துட்டிருக்கேன், கவனிக்கலையே" என்றார்.

என் சீட்டும் அன்றைக்குப் போயிருந்தது. ஐந்து வரி, நடுவில் மூன்று ஆங்கில வார்த்தை. நேரமில்லை என்று அதைப் படிக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அதே கதைதான். நான் நூலகத்தில் முன்கூட்டியே புத்தகம் எடுத்துப் படித்துவிட்டுக் கேள்வி தயாரித்துக்கொண்டு போவேன். "நல்ல கேள்வி" என்று சொல்லி இரண்டு வாக்கியத்தில் பதில் தந்துவிடுவார்கள். அக்கா சும்மா உட்கார்ந்திருந்து, கடைசியில் ஏதாவது ஒன்றைக் கிசுகிசுப்பாள். அதற்குப் பதில் சொல்லக் கால் மணி ஆகும். நாங்கள் படியேறும்போதே "அம்மாவுக்கு முன்னாடி சேர் போடுங்க" என்று மேலாளர் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா நானில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர், "அண்ணி கேட்ட கேள்விய பத்தி கடையில பேசிகினு இருந்தாங்க" என்று பெருமையாகச் சொன்னார். நானும் மாதா மாதம் கேட்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தட்டில் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன்.

அடுத்து, நிறமும் ஒளியும் பற்றிப் பேச வேலூரிலிருந்து ஒரு இயற்பியல் பேராசிரியர் வந்தார். எனக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அக்கா குனிந்தாள்.

"ஒரே பொடவ வெயில்ல ஒரு கலரு, கடையில ட்யூப்லைட்டுல வேற கலரு. ரெண்டுல எது அதோட நெசமான கலரு? கேட்டு எழுது."

எழுதினேன். கேள்வி முடிந்ததும் என் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவள் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். கை தவறவில்லை, மறதியும் இல்லை. தெரிந்தே எழுதினேன். மடித்து முன்வரிசைக்கு அனுப்பினேன்.

மேலாளர் படித்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெசமான நிறம்னு ஒண்ணு இருக்கான்னு என் மாணவர்கள்கூட கேட்டதில்லை. யாரு இந்த அம்மா? கொஞ்சம் எழுந்திருங்களேன்" என்றார். எழுந்து நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா உட்கார்ந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள். அதற்குமேல் பேராசிரியர் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை, குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நேத்து அவசரத்துல உம் பேர எழுதிட்டியா?"

தப்பிக்க அவளே வழி காட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க்கா. இருட்டுல தெரியலை."

"சரி. அப்ப எழுந்து நின்னது?"

குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் குழாயை மூடவில்லை.

"நீ காலேஜு படிச்சவ. உனக்கு இல்லாத பேரா? எனக்கு அந்த ஒண்ணுதானே இருந்துது" என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. "வீட்ல யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த கூட்டத்துல நீயே எழுந்து சொல்லிடு."

அடுத்த மாதம் ஞாயிறுகளெல்லாம் முகூர்த்தம். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒரே சமையலறையில், ஒரே அம்மியில் அரைத்துக்கொண்டு, தேவைக்கு மட்டும் பேசினோம். மாமியார், "ரெண்டு பேருக்கும் இன்னா பேஜாரு?" என்று கேட்டதற்கு இரண்டு பேருமே ஒன்றுமில்லை என்றோம். அந்த இரண்டு மாதத்தில்கூட நான் வருந்தினேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் பொருமிக்கொண்டிருந்தேன். கடையில் நானும்தான் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்திருக்கிறேன்.

ஆடி பிறந்ததும் கூட்டம் வைத்தார்கள். பேச்சாளர் மைக்கைத் தொடுமுன் எழுந்தேன். "போன தடவ நிறத்தைப் பத்தி வந்த கேள்வி என்னோடது இல்லைங்க. எங்க அக்காவோடது. நான்தான் என் பேரை எழுதிட்டேன், தெரிஞ்சே" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "அட, இதுக்கா இவ்ளோ பதட்டம்? உக்காருங்கம்மா." கூட்டமும் சிரித்தது. பிறகு யாரோ தட்ட ஆரம்பித்து, கூடம் முழுக்க அக்காவுக்காகக் கைதட்டியது. அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்தக் கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிட நீளமாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் என்னிடம் எழுதச் சொல்லவில்லை. கோணல் எழுத்தில் தானே எழுதினாள். ஒரு முறை மேலாளருக்குப் படிக்க வராமல், "நீங்களே வந்து கேட்டுடுங்க" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். பிறகு சீட்டே தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மேலாளர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார், கூட்டமும் நின்றுபோனது. நாங்களும் தனித்தனி வீடாகியிருந்தோம். ஒரு நாள் அக்கா பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். தனித்தேர்வு எழுதப் பணம் கட்டிவிட்டாளாம்.

"சயின்ஸ் மட்டும் சொல்லித் தர்றியா? உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா?"

சொல்லித் தந்தேன். ஆறு மாதம், மதிய வேளைகளில். பாதிப் பாடங்களில் அவள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது, புத்தகத்திலும் இல்லை.

தேர்ச்சி பெற்றாள். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். அறிவியலில் நான் பத்தாம் வகுப்பில் வாங்கியதைவிட அதிகம். அவளை உட்காரவைத்துச் சர்க்கரை எடுத்து வாயில் போட்டேன். சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால், பட்டேன். மறுநாள்தான்.