பச்சைச் சால்வைக்காரனைக் காப்பாற்றியவன்

ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியவன் நான் என்று நாற்பது வருடங்களாக நம்பியிருந்தேன். அதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லையே என்ற சின்ன மனக்குறைகூட இருந்தது. காப்பாற்றப்பட்டவன் கழுத்தில் பச்சைச் சால்வை கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறந்து திரிந்தவன். அவன் குடியிருந்தது ஒரு வீடியோ கசற்றுக்குள். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் படத்துக்குள் இருப்பவன் சாக முடியாது என்பது எட்டு வயதில் நான் தனியாகக் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

எண்பதுகளின் தொடக்கம். நெடுங்கேணியிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. அந்த அறுவடையின்போது வயலில் வைத்து ஐயாவைப் புடையன் பாம்பு கடித்தது. உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில் கிடத்தி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கூடப் போன அம்மா அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் நானும் பன்னிரண்டு வயது அக்காவும். அம்மாவின் தம்பியான மாமாதான் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்குமாக பஸ்ஸில் அலைந்தார். மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் அவர் கதை சொல்லத் தொடங்கினால் சோறு களியாய்ப் போனது சாப்பிட்டு முடியும்வரை தெரியாது.

இரண்டாம் நாள் அவர் கொண்டுவந்த கதைதான் பச்சைச் சால்வைக்காரன். வவுனியாவில் ஒரு கடையில் ரீவியில் போட்டுக் காட்டினார்களாம்.

"பத்துப் பேர் சேர்ந்து அடிச்சாலும் எழும்புவான் மருமோன். மலையால தள்ளினாலும் எழும்புவான். உன்ர ஐயாவும் அப்பிடித்தான், இருந்து பார்."

அவ்வளவுதான். ஐயாவையும் அவனையும் நான் ஒரே கயிற்றில் கட்டிவிட்டேன். அவன் எழும்பினால் ஐயா எழும்புவார். எழும்பாவிட்டால் என்ன என்று யோசிக்க எனக்குத் துணிவில்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் வவுனியாவிலிருந்து புறப்பட்டு வந்த மாமா, "ரெண்டு பேரும் நல்ல உடுப்பை எடுத்து வையுங்கோ" என்றார். வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுங்கேணிக்குப் போனவர், பத்து மணிபோல உழவு இயந்திரப் பெட்டியில் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். சாமான்களை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் பின்னேர பஸ்ஸுக்கு முன் எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நல்ல உடுப்பு படம் பார்க்கத்தான் என்று நினைத்து நானும் அக்காவும் உடுத்திக்கொண்டோம். அக்கா பவுடரும் பூசினாள்.

நெல் வைக்கிற கொட்டகையின் சாளரங்களை யூரியாப் பையால் மூடிப் பகலை இருட்டாக்கினார்கள். ஜெனரேற்றரைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துச் சுவர் ஓட்டையால் வயர் இழுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுக்க உள்ளே. புதுநெல்லின் சுணை எல்லோர் கழுத்தையும் கடித்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

அது எந்த நாட்டுப் பாஷை என்று ஒருவருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. ரீவிக்குப் பக்கத்தில் நெல் மூட்டையொன்றில் ஏறி இருந்து மொழிபெயர்த்தார். பச்சைச் சால்வைக்காரன் வாயைத் திறந்ததும் மாமா முழங்கினார்:

"எடேய்! என்ர எருமையளை அவிட்டுக்கொண்டு போனது ஆரடா?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சந்தேகம். "தம்பி, முக்கால் மணித்தியாலமாப் பாக்கிறன், இதில ஒரு எருமையையும் காணேல்லையே?"

"அதுதானே பெரியம்மா, களவு போயிட்டுது!"

பெரியம்மா திருப்தியோடு வெற்றிலையை மடித்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. உயரமான கோபுரம் ஒன்றின் உச்சி. வில்லன் ஏதோ ஒரு குழாயால் சுட்டான். பச்சைச் சால்வை தீப்பிடித்தது. அவன் விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். நிலத்தில் வந்து கிடந்தான். எழும்பவில்லை. நான் பத்துவரை எண்ணினேன். எழும்பவில்லை. மாமாவைப் பார்த்தேன். படம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக மாமாவின் வாய் மூடியிருந்தது. திரையில் ஒரு கிழவி வெள்ளைத் துணியோடு வந்துகொண்டிருந்தாள்.

சனங்களின் கால்களுக்குள்ளால் தவழ்ந்து வெளியே வந்து கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். ஐயா தண்ணீர் இறைக்கிற மிசினை நிறுத்துவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். எண்ணெய் வருகிற குழாயின் திருகைப் பூட்ட வேண்டும். பூட்டினேன். பூட்டியதோடு நின்றுவிட வேண்டும்தானே? நிற்கவில்லை. 'போடா' என்பதுபோல இன்னும் உரத்து ஓடியது. குழாயில் மிச்சமிருக்கிற எண்ணெய் தீரும்வரை அது ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வற்றாப்பளை அம்மனைக் கூப்பிட்டேன். நேர்த்தி வைக்க என்னிடம் சொந்தமாக ஒன்றுமில்லை. அக்காவின் தலைமயிரை நேர்ந்தேன். அதைப் பற்றி அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அம்மனும் கேட்கவில்லை.

கொட்டகைக்குள் "ஐயோ!" என்று எல்லாச் சனமும் ஒன்றாகச் சத்தம் போட்டது, பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் அது இருமியது, விக்கியது, ஓய்ந்தது.

வென்றுவிட்டேன். வென்றவன் செய்ய வேண்டிய அடுத்த காரியம் ஒளிவது. உழவு இயந்திரப் பெட்டிக்கு அடியில் புகுந்து, நல்ல காற்சட்டையில் கிறீஸ் அப்பியபடி, எத்தனை பேர் எனக்கு அடிப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் கால்கள் வந்தன. ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்றன. குனிந்து திருகைப் பார்த்தார். பிறகு பெட்டிக்கு அடியில் என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கேட்காமல் கிடைத்தவரின் முகம்போல இருந்தது.

"என்ன தம்பி நடந்தது?" என்று பெரியம்மா வாசலில் நின்று கத்தினார்.

"மிசின் நிண்டு போச்சுது பெரியம்மா! இனி இண்டைக்கு ஓடாது!" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, என்னிடம் மெதுவாக, "வாயைத் திறக்காதை மருமோன்" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காத மாமாவை அன்றிலிருந்து நான் தெய்வமாக்கினேன்.

சனம் எழும்பவில்லை. முடிவு வேண்டும் என்றது. மாமா மூட்டையில் ஏறி நின்று வாயால் முடித்தார். பச்சைச் சால்வைக்காரன் மூன்று நாள் கிடந்தான், நாலாம் நாள் கண் முழித்தான், எருமைகளையும் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், எத்தினை எருமை தம்பி?" என்று கேட்டார். பின்னேரம் மாமா சாமான்களை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார். நாங்கள் நல்ல உடுப்போடு வாசல் படலையில் நின்று கையாட்டினோம்.

மூன்று கிழமை கழித்து ஐயா ஒரு தடியை ஊன்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒரு கால் கறுத்து வீங்கியிருந்தது. ஊர் முழுக்க வைத்தியரைப் புகழ்ந்தது. அந்தப் புகழை நான் அடக்கமாக அவருக்கே விட்டுக்கொடுத்தேன்.

போன மாதம், கிளிநொச்சியில் என் வீட்டில், மகள் அந்தப் படத்தைத் தன் ஃபோனில் தேடிப் பிடித்தாள். பச்சைச் சால்வையும் கோபுரமும் என்று நான் சொன்னது அவளுக்குப் போதுமாயிருந்தது. இருவரும் பார்த்தோம். கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளின்படி அவன் ஒரு வங்கிக் கிளாக்கர். படம் முழுக்க ஒரு எருமைகூட இல்லை. கோபுரம் வந்தது. அவன் விழுந்தான். கிழவி வெள்ளைத் துணியோடு வந்தாள். பிரஷருக்குக் குளிசை விழுங்குகிற வயதில், என் விரல் தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது.

"ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்?"

"ஒண்டுமில்லை, தண்ணி விடாய்க்குது."

"அழுறீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே அவள் திரும்ப ஓடவிட்டாள். கிழவி அவன் முகத்தை மூடினாள். மழையில் அடக்கம் செய்தார்கள். படம் முடிந்தது.

உடனே நெடுங்கேணிக்கு ஃபோன் எடுத்தேன். மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம்.

"மாமா, அவன் செத்துப் போறானாம்!"

"ஆர்? எப்ப எடுக்கினமாம்?"

"பச்சைச் சால்வைக்காரன், மாமா!"

அந்தப் பக்கத்தில் சிரிப்பு ஓய நேரம் எடுத்தது. "எனக்கு எப்பிடித் தெரியும் மருமோன்? வவுனியாவில நான் பாதிதான் பாத்தனான். ஆஸ்பத்திரியில ஆக்களை விடுற நேரம் வந்திட்டுது எண்டு எழும்பி ஓடினனான். கிழவி துணியோட வரேக்கைதான் விளங்கினது."

பிறகு குரல் தணிந்தது. "உன்ர ஐயா அண்டைக்கும் கண் முழிக்கேல்லையடா. டொக்குத்தர் என்னை வெளியில கூப்பிட்டு, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னவர். அதுக்குத்தான் வந்தனான். வாசலில உங்களைக் கண்டாப் பிறகு மனம் வரேல்ல. அதுதான் டெக்கைக் கொண்டு வந்தனான். அடுத்த நாள் விடிய முழிச்சிட்டார், பாத்தியே."

"அப்ப மிசினை நான் நிப்பாட்டினது?"

"நல்லாத்தான் நிப்பாட்டினனீ. சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் நிண்டனான். காரணம் கொண்டந்து தந்தனீ."

திருகைப் பூட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த இடத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன். உள்ளே சனம் "ஐயோ" என்று கத்தியபோது மிசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முன்னமே மாமா சுவர் ஓட்டையால் வந்த வயரைப் பிடுங்கிப் படத்தை அணைத்துவிட்டிருக்கிறார்.