ஈஸ்டர் விருந்தில் பருப்புச் சோறு

பெத்லகேமுக்குப் பக்கத்துப் பெயித் சாஹூரில் கசாப்புக் கடை வைத்திருப்பவனுக்குக் கத்தியைவிடக் காலண்டர்தான் முக்கியம். ஸ்பிரோவின் கடையில் கொக்கிகளுக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கும். லத்தீன் சபைக் கத்தோலிக்கர் கறி தொடாத தவக்காலத்துக்குச் சிவப்புக் கோடு. அவனுடைய கிரேக்க சபையின் தவக்காலத்துக்கு நீலம். லூத்தரன்காரர்களுக்கென்று ஒரு பச்சைப் பேனாவும் வாங்கினான். ஆறு வருஷமாகியும் அதில் மை குறையவில்லை.

சில வருஷம் இரண்டு சபைக்கும் ஈஸ்டர் ஒரே ஞாயிற்றில் வந்து தொலைக்கும். அப்போது நாற்பது நாள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தள்ளித் தள்ளி வந்தால், பாதி ஊர் பட்டினி கிடக்கப் பாதி ஊர் தின்னும். வியாபாரம் நொண்டியடித்தாவது ஓடும். இந்த வருஷம் லத்தீன்காரர்களுக்கு முதலில் ஈஸ்டர். அவனுக்கு அதற்கு ஐந்து வாரம் கழித்து.

நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சிலி நாட்டுக்குப் போய்விட, கடையும் அப்பாவின் தராசும் இவன் தலையில் விழுந்தன. "எலும்போடவா, எலும்பில்லாமலா?" என்பதைத் தாண்டி எந்தப் பெண்ணிடமும் இவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவன் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் விதவை மார்செலுக்கு அரைக் கிலோ எடை போட்டுக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்டது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

மார்செல் கறியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "ஈஸ்டருக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அம்மா முன்னாடி பதில் சொல்றேன்" என்றாள்.

அவளுடைய ஈஸ்டரைத்தான் சொல்கிறாள். அன்றைக்கு அவனுக்கு நோன்பின் இரண்டாம் வாரம். கறி, பால், முட்டை எதையும் தொடக்கூடாது. பெண் கேட்ட வீட்டில், அதுவும் பெருநாள் விருந்தில், தட்டைத் தள்ளி வைத்தால் அவர்கள் முகத்தில் அறைந்த மாதிரி. அதிலும் கசாப்புக்காரனே கறி வேண்டாம் என்றால், அவன் விற்கும் கறியை யார் நம்புவார்கள்? சாப்பிட்டாலோ பாவம். இரண்டு மாதம் அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

பக்கத்துக் கடையில் முடி வெட்டும் இமாத் லூத்தரன். "எங்க சபைக்கு வந்துடுடா, வருஷம் முழுக்கத் தின்னலாம்" என்றான்.

"வந்தா, பொண்டாட்டி புருஷனோட கோயிலுக்குத்தானே வரணும்? லத்தீன்காரி எப்படி உங்க கோயிலுக்கு வருவா?"

"அது வேற குழப்பம். ஒவ்வொண்ணா கேளு."

தன் பாதிரியாரிடம் போனான். அவர் யோசித்து, "அவங்களா பரிமாறினா சாப்பிடு. நீயா கேட்டு வாங்காதே" என்றார்.

"நானே கொண்டு போனா, அபூனா?"

பாதிரியார் தாடியை வெகுநேரம் தடவினார். "அதை நீ என்கிட்ட கேட்காமலே இருந்திருக்கலாம்."

கடைசியில் காதல்தான் ஜெயித்தது. நல்ல ஆட்டுத்தொடையாகப் பார்த்து எடுத்து, பூண்டும் மசாலாவும் திணித்து, ரொட்டிக்கடை அடுப்பில் சுட்டு வாங்கினான். பாவம் வந்தால் வரட்டும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியில் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தான்.

கதவைத் திறந்தவன் மார்செலின் தம்பி ஃபிரான்சிஸ். தட்டிலிருந்து வந்த வாசனையில் அவன் கண் கலங்கிவிட்டது. "வாங்க மாமா, வாங்க!" என்றான். அதுவரை அவன் ஸ்பிரோவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான்.

மேசையைப் பார்த்த ஸ்பிரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. பருப்புச் சோறு. எண்ணெயில் வேகவைத்த திராட்சை இலைச் சுருள். அவரைக்காய், கொண்டைக்கடலை. ஒரு முட்டைகூட இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமா, இல்லை நாள்தான் மாறிவிட்டதா என்று அவனுக்குத் தலை சுற்றியது.

"இன்னைக்கு... உங்க ஈஸ்டர்தானே?"

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றான் ஃபிரான்சிஸ். "எங்க அக்காவுக்கு மட்டும்தான் இன்னும் சேதி வரல."

மார்செல் முகம் சிவந்து நின்றாள். "உங்களுக்கு நோன்புன்னு தெரியும். நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, நாங்க மட்டும் எப்படிச் சாப்பிடுறது? அதான் எல்லாருக்கும் இதையே சமைச்சேன். நீங்க எதுக்குக் கறி கொண்டு வந்தீங்க?"

"சாப்பிடத்தான். உங்களுக்காக."

"நோன்பை முறிச்சிட்டா?"

"பாதிரியாரைக் கேட்டேன். அவருக்கும் சரியாத் தெரியல."

மகன் பெயரை வைத்து ஊரே 'உம் ஃபிரான்சிஸ்' என்று கூப்பிடும் அவளுடைய அம்மா ஆட்டுத்தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்செல் தட்டை வாங்கித் தம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு பருப்புச் சோற்றில் இரண்டு தட்டு போட்டு, ஒன்றை ஸ்பிரோ முன்னால் வைத்துவிட்டு மற்றதோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க சாப்பிடட்டும். நான் கறியை உங்க ஈஸ்டருக்கு உங்களோட சாப்பிட்டுக்கிறேன்."

ஸ்பிரோ ஒரு வாய் சோற்றை மென்றான். இரண்டு மாதம் காத்திருந்த பதில் இன்னும் வரவில்லையே என்று தட்டைக் கிளறினான். ஒருவேளை இதுதான் நாசூக்காக இல்லை என்று சொல்லும் விதமோ?

"அப்போ..." என்றான் மெதுவாக. "அந்தப் பதில்? எப்போ சொல்வீங்க?"

மார்செல் தலையைக் குனிந்துகொண்டாள். உம் ஃபிரான்சிஸ் வாய் நிறையக் கறியோடு நிமிர்ந்தாள்.

"அட மக்குப் பயலே! நாப்பது நாள் பருப்பு தின்னு முடிச்சவ, உன் பக்கத்துல உக்காந்து இன்னும் அஞ்சு வாரம் திங்கிறேங்கிறா. வேற எப்படிடா சொல்லுவா?"