அப்புக்காத்துக்கு நாவூறு கழித்த வெள்ளிக்கிழமை

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். இத்தாலியில், பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் இரண்டறை வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது. எங்கள் தெருவில் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வணக்கம் சொல்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கால்சா என்கிற பழைய பகுதியில் ஒரு சிஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறேன். எண்பது வயது தாண்டியவர், தனியாள். துப்புரவு, சமையல், நேரத்துக்கு மருந்து கொடுப்பது, அந்த மருந்துக்காக அவரோடு சண்டை பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவரிடம் ஒரு கொக்கட்டீல் இருந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னம் இரண்டிலும் செம்மஞ்சள் பொட்டு வைத்த சின்னக் கிளி. விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை அதற்கு வாய் மூடாது. அதனால் சிஞோரா அதற்கு ‘அவ்வொகாத்தோ’, அதாவது வழக்கறிஞர், என்று பெயர் வைத்திருந்தார். என் கணவர் ஊர் வழக்கப்படி அதை ‘அப்புக்காத்து’ ஆக்கிவிட்டார்.

அந்த வருடம் சிஞோரா படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து, நடை பழகுவதற்காகப் பகேரியாவில் ஒரு நிலையத்தில் ஆறு கிழமை இருக்க வேண்டும் என்றார்கள். வடக்கில் இருக்கிற மகன், கிளியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில் லேசாகச் சொல்லிவிட்டார். சிஞோரா அன்று அழுததை நான் பார்த்தேன். எலும்பு முறிந்தபோதுகூட அவர் அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, தான் திரும்பி வரும்போது அவ்வொகாத்தோ இருக்க வேண்டும் என்றார். இருப்பான் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கூட்டோடு ஒரு தாளும் வந்தது. தினை இவ்வளவு, சூரியகாந்தி விதை இவ்வளவு, ஆப்பிள் ஒரு துண்டு, உப்பு கூடாது, சொக்கிலேற் கூடாது, காற்றுப் பிடிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, இரவில் துணியால் மூட வேண்டும். கடைசி வரியில், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது அவனோடு பேச வேண்டும் என்று இருந்தது. அதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“என்னோடை பத்து நிமிசம் கதைக்க உமக்கு நேரமில்லை. குருவிக்கு ஒரு மணித்தியாலமோ?” என்றார்.

கடைசியில் கதைத்தது அவர்தான். உணவகத்தில் வேலை முடிந்து வந்ததும் கதிரையைக் கூட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சமையல்காரர் அன்று செய்த அநியாயம் முழுவதையும் அப்புக்காத்திடம் முறையிடுவார். அதுவும் கொண்டையை நிமிர்த்தி, தலையைச் சரித்து, வழக்கை எடுத்துக்கொண்டது மாதிரியே கேட்கும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவருக்கு அப்படி ஒருநாளும் காது கொடுத்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

செய்தி பரவியது. இங்கே இருக்கிற எங்கள் தமிழ் ஆட்கள் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். கீழ் வீட்டு அக்கா வந்தபோது கூட்டின் முன்னால் அரை மணித்தியாலம் நின்றார். “எணேய், என்ன வடிவு! பொம்பிளைப் பிள்ளையள் மாதிரிப் பொட்டெல்லாம் வச்சிருக்குது!” என்று மூன்று தரம் சொன்னார். நான் எண்ணிக்கொண்டேயிருந்தேன்.

அவர் வந்துபோன மூன்றாம் நாள் கூட்டுக்கு அடியில் இறகு கிடந்தது. அடுத்த நாள் அதைவிடக் கூட. கொண்டையில் இரண்டு இறகுதான் மிச்சம். கழுத்தெல்லாம் முள்ளு முள்ளாக ஏதோ முளைத்திருந்தது. முன்னைப்போலச் சாப்பிடவில்லை, பகலிலும் தூங்கியது, கை நீட்டினால் கொத்த வந்தது. சிஞோரா வீட்டில் கூட்டை அவர்தான் துப்புரவாக்குவார்; இப்படி இறகு கொட்டி நான் கண்டதில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பதின்மூன்று வயது மகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “அம்மா, இது மூத்தா. எல்லாக் குருவிக்கும் பழைய இறகு விழுந்து புதுசு முளைக்கும். நொர்மாலே!” என்றாள். போனுக்குக் கண்ணூறு, நாவூறு தெரியுமோ என்று கேட்டு அவளை அனுப்பிவிட்டேன். நான் செய்த முதல் பிழை அது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று செத்தல் மிளகாய், கொஞ்சம் உப்பு, கடுகு எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி, அப்புக்காத்தின் கூட்டை மூன்று தரம் சுற்றினேன். ஊர்க்கண், உறவுக்கண், குறிப்பாகக் கீழ் வீட்டுக்கண், எல்லாம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். மிளகாய் மணத்தால் மேல் வீட்டுக்காரரோடு ஏற்கெனவே எங்களுக்கு வழக்கு இருந்ததால், பல்கனிக் கதவை இறுக்கிச் சாத்தினேன். எங்கள் வீட்டில் அடுப்பும் கூடும் ஒரே அறையில்தான். பழைய தாச்சியை அடுப்பில் வைத்துக் கையில் இருந்ததைப் போட்டேன்.

கமறவில்லை. தும்மல்கூட வரவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: சுடும்போது மிளகாய் கமறாவிட்டால் நாவூறு கடுமையாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பயத்தில் இன்னும் நாலு மிளகாயை அள்ளிப் போட்டேன். அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற விசிறி சுற்றிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிலேயே இல்லை.

அப்போது கணவர் வந்தார். அவருக்கு வீட்டில் ஒரு விசிறி சும்மா சுற்றினால் பொறுக்காது. “சமையல் ஒண்டும் இல்லை, ஏன் இது ஓடுது?” என்று கேட்டுக்கொண்டே நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு கமறியது பாருங்கள்! ஏழு மிளகாயும் சேர்ந்து எங்கள் மூவரையும் மூலைக்கு மூலை தள்ளிவிட்டது. கண் தெரியவில்லை, மூச்சு எடுக்க முடியவில்லை. நாங்கள் இருமிய இருமலில் ஒரு சத்தம் குறைவதைக் கவனிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்புக்காத்து வாயை மூடியிருந்தது.

துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். கூட்டின் தரையில் கிடந்தது. சொண்டு திறந்தபடி. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடித்தது. இருப்பான் என்று நான் வாக்குக் கொடுத்த கிளியை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பறவை பார்க்கிற மிருக வைத்தியர் இரண்டு தெரு தள்ளி இருப்பதாக மகள் இருமி இருமிச் சொன்னாள். கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டில் உடுக்கிற சோட்டியோடு, அதற்கு மேலே கணவரின் குளிர்ச்சட்டையோடு, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் மகளின் செருப்புமாக, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய ஓடினேன். தெரு முழுக்கப் பல்கனிகளில் ஆட்கள். யாரோ செத்துப்போனார் என்று நினைத்து இரண்டு பெண்கள் சிலுவை போட்டார்களாம். பிறகு கேள்விப்பட்டேன். வணக்கம் சொல்லும்போது வருகிற சிரிப்பு இதற்குத்தான்.

வைத்தியர் ஓர் இளம் பெண். கிளியை உடனே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒட்சிசன் விட்டார். பிறகு என்ன புகை என்று கேட்டார். மிளகாய்ப் புகை என்றேன். சமைத்தீர்களா? இல்லை. அப்படியென்றால் மிளகாயை ஏன் சுட்டீர்கள்?

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் மருந்துக்கடைக்காரரோடும் கதைப்பேன், பஸ் சாரதியோடும் சண்டை பிடிப்பேன். நாவூறுக்கு மட்டும் சொல் வரவில்லை. விளங்கப்படுத்துவதற்காக என் கையைப் பொத்தி அவருடைய தலையை மூன்று தரம் சுற்றிக் காட்டினேன். அடிக்கப் போகிறேன் என்று நினைத்து அவர் மேசைக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

கதவு திறந்திருந்தது. வெளியே பூனையோடு காத்திருந்த ஒரு வயதான பெண் “மலோக்கியோ!” என்று கத்தினார். அவர்கள் மொழியில் கண்ணூறு அதுதான். அவ்வளவுதான், காத்திருந்தவர்கள் எல்லோருமே உள்ளே வந்துவிட்டார்கள். தட்டில் தண்ணீர் விட்டு எண்ணெய்ச் சொட்டுப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். தன்னுடைய மாமி உப்பு மட்டும்தான் போடுவார் என்றார் நாயோடு வந்த பெண். பூனைக்காரி என் பக்கம் திரும்பி, புகை கமறியதா இல்லையா என்று மிகவும் கவலையோடு கேட்டார். வைத்தியர் மேசையில் தட்டி எல்லோரையும் வெளியே கலைத்தார்.

பிறகு எனக்கு நல்ல கிழி விழுந்தது. இறகு உதிர்வது நோயே இல்லையாம், வருடா வருடம் நடப்பதாம். பறவையின் சுவாசப்பை எந்தப் புகையையும் தாங்காதாம். இன்னும் பத்து நிமிடம் அந்த அறையில் இருந்திருந்தால் செத்திருக்குமாம். இன்றிரவு இங்கே இருக்கட்டும், ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து உட்காரவும் போன் அடித்தது. சிஞோரா ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வீடியோவில் அப்புக்காத்தைப் பார்க்க எடுப்பார். காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் முகம் மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, அவன் தூங்கிவிட்டான் என்றேன். ஆறு மணிக்கா என்று கேட்டார். இன்றைக்குக் களைத்துப்போனான் என்றேன். பூனைக்காரி கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் நான் சிஞோராவுக்குச் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் காலையில் போனபோது அப்புக்காத்து வைத்தியரின் விரலைக் கடித்து இரத்தம் எடுத்திருந்தது. பிழைத்துவிட்டது என்றார் அவர், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

“குருவிதான் உயிரோடை இருக்குதே, இனி அவவுக்கு ஏன் சொல்லுவான்? வேலையும் போய், கொந்திராத்தோவும் போய், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாமல் நிக்கப் போறீர்” என்றார் கணவர். வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் இங்கே வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது; அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் களைத்துப்போனான் என்று சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பகேரியாவுக்குப் போய், ஒன்றும் விடாமல் சொன்னேன்.

கோபம் வந்தால் சிஞோரா இத்தாலியனை விட்டுவிட்டு, இந்தத் தீவின் பேச்சான சிச்சிலியனுக்கு மாறிவிடுவார். அன்று கால் மணித்தியாலம் சிச்சிலியன்தான். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போய்விட்டது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்தேன். அப்போது எத்தனை மிளகாய் என்று கேட்டார். முதலில் மூன்று, பிறகு நாலு என்றேன்.

“குருவிக்கு நாலு இறகு விழுந்ததுக்கு ஏழு மிளகாய். நான் படியிலை விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கிறன். எனக்கு ஒண்டுமில்லையோ?” அவருடைய மொழியில் அவர் கேட்டதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்.

அவர் விழுந்த அன்று அம்புலன்ஸில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்தான். ஆனால் நாவூறு என்று ஒன்றை அவருக்குக் கழிக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதை எங்கள் ஆட்களுக்குத்தானே செய்வோம். எங்கள் வீட்டுக்கு வந்து சில நாளே ஆன கிளி எங்கள் ஆளாகிவிட்டது, ஒன்பது வருடம் பழகியவர் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மிளகாயும் உப்பும் கடுகும் தாளில் சுற்றிக்கொண்டு போனேன். சிஞோரா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுற்றி முடித்து, மூன்று தரம் துப்பச் சொன்னேன். ஒவ்வொரு துப்பலுக்கும் ஒரு பெயர் சொன்னார், முதல் பெயர் அவருடைய மைத்துனி. தோட்டத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய், ஒரு பழைய தகரத்துக்குள் போட்டுக் கொளுத்தினேன். உடனே கமறியது. திரும்பி வந்து, கண்ணூறு ஒன்றும் இல்லை, வயதுதான் காரணம் என்று சொன்னேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம். மைத்துனியாகத்தான் இருக்கும், இன்னொரு தரம் சுட்டுப் பார் என்றார்.

சிஞோரா இப்போது பொல்லோடு நடக்கிறார். அப்புக்காத்துக்குப் புது இறகு முளைத்து, முந்தியைவிடக் கூடுதலாகக் கத்துகிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் இப்போதும் நாவூறு கழிப்பேன், கதவையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு. ஆனால் என்னுடைய ஆட்கள் யார் யார் என்று மனதுக்குள் எண்ணும்போது, எங்கள் வீட்டுக்குள் இருக்கிற மூன்று பேரோடு நான் நிறுத்துவதில்லை.