நான்கு முறை லேசர், மூன்று முறை ஓலை

தாடி முளைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே சவரம் எனக்குப் பெரிய தொல்லை. என் முடி சுருட்டை. சவரம் செய்த மறுநாள் அது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். தாடைக்குக் கீழே, கழுத்து முழுவதும் சீழ் வைத்த கொப்புளங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்கள் வரும் நாளில் மேனேஜர் முதலில் எங்கள் முகங்களைத்தான் பார்ப்பார். சவரம் செய்யாமல் போக முடியாது. செய்துகொண்டு போனால், பதினோரு மணிக்குள் வெள்ளைச் சட்டையின் காலரில் ரத்தப் புள்ளிகள் வந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலூரில் ஓர் அழகு நிலையத்தில் லேசர் மெஷின் வந்திருக்கிறது, முடியின் வேரையே சுட்டுவிடும் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பெண்கள் போகும் இடத்துக்குப் போய்த் தாடியை எடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மெஷினை இயக்கியவள் ஏறக்குறைய என் வயதுப் பெண். கண்ணுக்குக் கறுப்பு மூடி போட்டு, குளிர்ந்த ஜெல் தடவி, ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்துவாள். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டியதுபோல் இருக்கும். முடி கருகும் வாடை வரும். முதல் இரண்டு முறையிலேயே கொப்புளங்கள் பாதியாகக் குறைந்தன. தைரியம் வந்து, கழுத்தோடு நிறுத்தாமல் கன்னத்துக்கும் செய்யச் சொன்னேன். அது நான் செய்த தவறு.

மூன்றாம் முறைக்குப் பிறகு முகம் முகமாக இல்லை. இடது கன்னத்தில் இரண்டு இடங்களில் முடியே முளைக்கவில்லை. வலது தாடையில் பழையபடி அடர்த்தி. கன்ன எலும்பின் மேல், பூனைமுடி மட்டும் இருந்த இடத்தில், புதிதாகக் கறுப்பு முடி.

“இன்னாங்க இது? ஒரு பக்கம் போய்டுச்சு, ஒரு பக்கம் அப்படியே இருக்குது?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“ஆம்பளைங்க முடி தடிமன் சார். கொஞ்சம் பவர் ஜாஸ்தி வெச்சா சரியாய்டும்.”

“இதுக்கு முன்னாடி ஆம்பளைங்களுக்குச் செஞ்சிருக்கீங்களா?”

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ரெண்டு பேருக்கு சார்.”

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டு. பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “கழுத்துல இன்னா அது?” பிளேடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். கல்யாணத்துக்குள் முகத்தை ஒரே சீராக்கிவிட வேண்டும் என்ற வெறியில் மறுபடி படுத்துக்கொண்டேன்.

நான்காம் முறை மெஷின்காரப் பெண் அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வருவதற்குள் இடது தாடை கன்றிவிட்டது. பொருக்குக் கட்டி, இரண்டு வாரத்தில் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், என் கறுப்பு முகத்தில், ஐந்து வெள்ளைத் திட்டுகள். அம்மாவிடமும் பிளேடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொன்னேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஐயர் சபை முன் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று வெளியே எல்லோரும் கைகொடுத்தார்கள். கை என் கையில் இருக்க, பல பேருடைய கண் என் தாடையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்ணின் அப்பா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வைத்த காபியைத் தொடவில்லை. அதுவரை என்னை “மாப்ள” என்று கூப்பிட்டவர், “தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. கொஞ்சம் வெளிய வெளிச்சத்துக்கு வாங்க” என்றார்.

வாசலில் நின்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தாடையைப் பார்த்தார். தொடவில்லை.

“உங்க சபை ஆளு ஒருத்தர் போன் பண்ணார். மாப்ளைக்கு வெண்குஷ்டம்னு சொல்றார்.”

அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். “இன்னா பேசறீங்க? எங்க பரம்பரையிலேயே அது கெடையாது. பிளேடு ஒத்துக்கல எம் புள்ளைக்கு.”

“பிளேடு பட்டா வெள்ளையாவுமாம்மா?” என்று கேட்டார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் பொய்யை உண்மை என்று நம்பி அவள் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “லேசர் வெச்சேன். தாடிய எடுக்க. சூடு பட்டுடுச்சு” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, “இதுக்கு நோயே தேவலாம்போல. நோய்னா மனுசன் கையில இல்ல” என்று சொல்லி, செருப்பை மாட்டினார். “அடுத்த ஓலைக்குள்ள சொல்றேன்.”

அவர் போனபின் அம்மா திட்டவில்லை. “ஓவர்டைம்னு சொன்னியேடா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் எனக்கு நிச்சயமான பெண் போன் செய்தாள். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. எத்தனை முறை செய்தார்கள், கடைசியாக எப்போது, கொப்புளம் வந்ததா என்று வார்டில் கேட்பதுபோல் கேட்டாள். “சனிக்கிழமை காலைல வாங்க. எங்க ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டலாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்க அப்பாகிட்டயும்.”

டாக்டர் அறையை இருட்டாக்கி ஒரு விளக்கை என் தாடையில் அடித்துப் பார்த்தார். அவள் கதவோரம் சீருடையில் நின்றாள். வெண்குஷ்டம் இல்லை, தீக்காயத் தழும்பு என்றார் டாக்டர். என் தோல் நிறத்துக்கு அவ்வளவு சக்தி வைத்திருக்கவே கூடாது. நிறம் மெல்லத் திரும்பலாம். முடி போன இடத்தில் திரும்புமா என்று சொல்ல முடியாது. ஒரே சீரான முகத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, இனி அந்தப் பக்கமே போகாதே என்றார்.

எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். வெளியே வராந்தாவில் அவளிடம், “நோய் இல்லன்னு சொல்லிட்டாரே” என்றேன்.

“நோய் இல்லன்னு எனக்கு போன்லயே தெரியும்” என்றாள். “கழுத்துல இன்னான்னு நான் கேட்டப்ப அந்த மெஷின்ல ஏற்கெனவே ரெண்டு தடவ படுத்துட்டு வந்திருந்தீங்க. நான் நர்ஸ். எங்கிட்ட சொல்லியிருந்தா மூணாவதுக்கே போவ விட்டிருக்க மாட்டேன்.”

“வெக்கமா இருந்துச்சு.”

“அப்பாகிட்ட பேசறேன். இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியல.” டூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை தகவல் இல்லை. ஆராதனையில் அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, இடது கையால் தாடையை மறைத்துக்கொண்டிருந்தேன். ஐயர் கையில் காகிதத்தோடு எழுந்தார். முதலில் வேறொரு ஜோடிக்கு வாசித்தார். காகிதத்தை மடித்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, “இரண்டாம் ஓலை” என்று எங்கள் பெயர்களை வாசித்தார். பெண்கள் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. போட்டோக்காரர் எப்படித் திருப்பி நிறுத்தியும் திட்டுகள் விழுந்தன. நிறம் திரும்ப ஒன்றரை வருடம் ஆயிற்று. காதுக்குக் கீழே ஒன்று மட்டும் இன்றும் வெளிறிக் கிடக்கிறது. இடது கன்னத்தில் முடி வரவேயில்லை. வலது தாடையில் வஞ்சனையில்லாமல் வளர்கிறது. பிளேடை விட்டுவிட்டேன், டிரிம்மர் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். கம்பெனியில் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மாமனார் என்னை மறுபடி “மாப்ள” என்று கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று மனைவியிடம் ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன்.

“நோய் இல்லன்னு சொன்னேன். எங்கிட்ட பொய் சொன்னார்னும் சொன்னேன்,” என்றாள். “எனக்கு முடிவு பண்ண முடியல. ரெண்டையும் கேட்டுட்டு அப்பாதான் சரின்னாரு.”