இரும்பு மாத்திரையும் ஒரு டம்ளர் டீயும்

இரண்டு வருடமாக நான் சோம்பேறி. வீட்டில் அப்படித்தான் பேச்சு. அன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்குப் போவதற்குள் இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுவேன். கணவரின் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்றுவிடுவேன். அவர் லேத் பட்டறையில் நாளெல்லாம் நிற்கிறவர். "உக்கோந்து பாடம் சொல்றவளுக்கு என்ன சலிப்பு?" என்பார். பள்ளிக்கூடத்தில் யார் உட்கார விடுகிறார்கள் என்று கேட்கவும் சலிப்பாக இருக்கும்.

கர்ப்பப்பையில் கட்டி, அதனால்தான் மாதாமாதம் அத்தனை ரத்தப்போக்கு என்று தெரிந்தபோது ரத்தத்தையும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு. பத்துக்கு வராமல் ஆபரேஷன் கிடையாது என்றார் கோயம்புத்தூர் டாக்டரம்மா. மூச்சு வாங்குகிறதே, நுரையீரலில் கோளாறோ என்று கேட்டேன்.

"அது நல்லா இருக்குதுங்க. நீங்க இழுக்கற காத்தைத் தூக்கிட்டுப் போய்க் கால்லயும் தலையிலயும் எறக்கறதுக்குத்தான் ரத்தத்துல ஆள் பத்தலை. அந்த ஆளுக்கு இரும்பு வேணுங்க."

கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஐந்தரைக்கு, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் டீ போட்டார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வராது, டீயாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சாயம் தூக்கலாக இருக்கும். நின்றபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுவேன்.

மூன்று மாதம் ஒரு நாளும் தவறவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் அதே ஏழு. மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"நானே டீ வெச்சுக் குடுத்துப்போடுவேனுங்க."

டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும் என்றார் டாக்டரம்மா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இன்னும் மூன்று மாதம் அதே போக்கு, அதே மாடிப்படி. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அதையும் ரத்தம்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மறுநாள் ஐந்தரைக்குச் சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். எலுமிச்சைச் சாற்றை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சூடே இல்லாததை எதுக்குங்க ஆத்தறீங்க?"

கை அப்படியே நின்றது. பழகிப்போச்சு என்றார் மெதுவாக. நான் வழக்கம்போல் நின்றபடியே டம்ளருக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. காலால் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

"உக்கோந்து குடி, அம்மணி."

அவர் நிற்க, நான் உட்கார்ந்தேன்.